கழுதைக் காதுத் தொப்பி

டோலிடோ ஹெரன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் முட்டாளாக நடிப்பதில் டெல்வின் ப்ரூயிட்டை மிஞ்ச ஆள் கிடையாது. பதினோரு வருடமாக அந்தப் பட்டம் அவனிடமேதான் இருந்தது.

ஒவ்வொரு ஜூலையிலும், முகாம் தொடங்குவதற்கு முந்தின நாள், ஆட்டக்காரர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு பரீட்சை வைப்பார்கள். ஐந்து வார்த்தைகளைக் காட்டி மறைப்பார்கள். நடுவில் கட்டம், வட்டம், நிறம் என்று ஏதாவது விளையாட்டுக் காட்டிவிட்டு, கால் மணி கழித்து அந்த ஐந்து வார்த்தை என்ன என்று கேட்பார்கள். கடைசியில் ஒரு மார்க்கு வரும். சீசனில் எவனுக்காவது தலையில் பலமாக அடிபட்டால் மறுபடியும் அதே மாதிரிப் பரீட்சை. ஜூலை மார்க்கைவிடக் குறைந்திருந்தால் வெளியே உட்கார வேண்டும். குறையாவிட்டால் களத்துக்குப் போகலாம்.

இதைக் கேட்டதும் எந்த ஆட்டக்காரனுக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான். ஜூலையிலேயே மார்க்கைக் கீழே தள்ளி வைத்துவிட்டால் நவம்பரில் எதற்குப் பயப்பட வேண்டும்? வெளியே உட்கார்ந்தவனின் இடத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் நிற்பான். அவன் நன்றாக ஆடிவிட்டால் உட்கார்ந்தவன் உட்கார்ந்ததுதான்.

கல்லூரியில், இந்தச் சூட்சுமம் தெரியாத வயதில், டெல்வின் ஒழுங்காக எழுதித் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தான். ஹெரன்ஸுக்கு வந்த முதல் வருடம் வாங்கியது ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு எல்லா வருடமும் அந்த ஐம்பத்தெட்டை ஒட்டியே வாங்கினான். அதற்கும் திறமை வேண்டும். ரொம்பக் குறைந்தால் சந்தேகப்பட்டுத் திரும்ப எழுதச் சொல்வார்கள். ஐந்து வார்த்தையும் தெரிந்திருந்து, அதில் இரண்டை மட்டும் சொல்லி, மூன்றாவதைத் தப்பாகச் சொல்லி, மற்றதற்குத் தலையைச் சொறிய வேண்டும். டெல்வின் அதை ரசித்துச் செய்வான்.

அணிக்காரர்கள் இதற்கு ஒரு பரிசும் வைத்திருந்தார்கள். சாம்பல் நிறத் துணியில் இரண்டு நீளக் காது வைத்துத் தைத்த கழுதைத் தொப்பி. யாருக்கு மார்க்கு குறைவோ அவன் அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு மதியம் எல்லோரோடும் சாப்பிட வேண்டும். டெல்வின் அதைப் பதினோரு தடவை போட்டிருக்கிறான்.

பலனும் கிடைத்தது. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன் அவன். பந்தோடு வருகிறவனை மண்ணில் சாய்ப்பதுதான் வேலை, சாய்க்கும்போது சொந்தத் தலை எதில் மோதுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று தடவை கண் சொருகி விழுந்தான். மூன்று தடவையும் பரீட்சையில் தேறி, அதே ஆட்டத்தில் திரும்பிப் போனான். அப்படித் திரும்பிப் போன ஒரு மழை நாளில் எதிரணிப் பையன் ஒருவனை அவன் அடித்த அடியில், பையன் ஸ்ட்ரெச்சரில் போனான். பிறகு அவன் ஆட வரவே இல்லை. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த வாரம் அந்த அடியின் படம் போட்ட பனியன் மைதான வாசலில் விற்றது. எங்கள் ஊர் அப்படித்தான், அதில் வெட்கப்பட்டவர்களை யாரும் பார்க்கவில்லை.

இந்த வருடம் டெல்வினுக்கு முப்பத்து மூன்று. ஜூன் மாதம் ஒரு நாள் காலை, முட்டை வறுத்துக்கொண்டிருந்த மனைவி யோலண்டாவிடம், "அம்மாவுக்கு போன் பண்ணியா? முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டியா?" என்றான்.

யோலண்டா அடுப்பை அணைத்தாள். அவன் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் அவன்தான்.

"சும்மா சொன்னேன்," என்றான் டெல்வின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "விளையாட்டுக்கு."

"இதுல என்ன விளையாட்டு இருக்கு, டெல்?"

அவள் ஏற்கெனவே சிலதைப் பார்த்து வாயைத் திறக்காமல் இருந்தாள். மகளைக் கூட்டிவரப் போனவன் அவள் நான்கு வருடம் முன்பு படித்த பள்ளி வாசலில் போய் நின்றான், அதுவும் இரண்டு தடவை. கார் சாவியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார்கள். இப்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் கத்தினான், அவளும் கத்தினாள். கடைசியில் அவள் ஒரு பேரம் வைத்தாள்.

"ஜூலை டெஸ்ட்டை இந்த ஒரு தடவை ஒழுங்கா எழுது. நடிக்காதே. காலேஜ்ல வாங்கின மாதிரி எண்பதுக்கு மேல வாங்கு, நான் இந்த வருஷம் பூரா வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா நீ வீட்ல இரு."

"எண்பதா? தொண்ணூறு வாங்கிக் காட்டறேன். டெஸ்ட் வைக்கற கிப்புக்கு மயக்கமே வந்துடும். இத்தனை வருஷம் ஏமாத்தினியாடான்னு அடிக்க வருவான்."

"வரட்டும். சத்தியம் பண்ணு."

அம்மாமேல் சத்தியம் பண்ணினான்.

பரீட்சை அன்று காலை ஒன்பது மணிக்கு எட்டுப் பேரை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். டெல்வினுக்குப் பக்கத்து நாற்காலியில் கேலன் வாஸ். இருபத்து மூன்று வயது, டெல்வினின் இடத்துக்காகவே அணி இந்த வருடம் எடுத்த ஆள். அது டெல்வினுக்கும் தெரியும், கேலனுக்கும் தெரியும். அதனால் இருவரும் ரொம்பச் சிரித்துப் பேசிக்கொண்டார்கள்.

"பெருசு, தொப்பி இந்த வருஷம் எனக்குத்தான்," என்றான் கேலன். "முழங்கையால எழுதப் போறேன்."

"எழுது எழுது. உனக்கு அது ஒண்ணுதான் வரும்."

திரையில் ஐந்து வார்த்தைகள் வந்தன. டெல்வின் ஒவ்வொன்றையும் மூன்று தடவை மனத்துக்குள் சொன்னான். பிறகு கட்டங்கள் வந்தன. ஒரு கட்டம் முன்பு வந்ததா, இப்போதுதான் புதிதாக வருகிறதா என்று சொல்ல வேண்டும். முதல் நான்கு சரியாகப் போனதுபோல் இருந்தது. ஐந்தாவதில் நின்றான். இதைப் பார்த்தோமா? பார்த்த மாதிரிதான் இருந்தது. எல்லாமே பார்த்த மாதிரிதான் இருந்தது. நெற்றியில் வியர்த்தது. அறையில் ஏஸி ஓடிக்கொண்டிருந்தது.

கேலன் எட்டிப் பார்த்தான். "ஐயோ, இங்க பாருங்கடா. பெருசு நெத்தியில விரல் வெச்சு யோசிக்கறான்."

பின்னாலிருந்த தடியன் ஒருவன் சிரித்தான். "வியர்வை வேற வரவழைச்சிருக்கான். இதான்டா அனுபவம்."

"வாயை மூடுங்கடா," என்றான் டெல்வின். குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்தது. அதையும் நடிப்பு என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

திரை கேட்டது: முதலில் காட்டிய ஐந்து வார்த்தைகள் என்ன?

டெல்வின் கண்ணை மூடினான். ஏதோ ஒரு மரம் இருந்தது. இல்லை, மரம் போன வருடமா? பதினோரு வருடம் இந்த இடத்தில் வார்த்தைகள் வாயில் வந்து நிற்கும், அவன்தான் பிடித்து அமுக்கி வைப்பான். இன்றைக்கு அமுக்க எதுவும் இல்லை. கல்யாணத்தன்று மோதிரம் விழுந்து உருண்டது ஞாபகம் வந்தது, அம்மாவின் முட்டி ஞாபகம் வந்தது, அந்த மழை நாளில் பையனின் தலைக்கவசம் தனியாக உருண்டது ஞாபகம் வந்தது. ஐந்து வார்த்தை வரவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. நூற்றிருபது கிலோ எடையுள்ள ஆட்கள் ஓடி வந்தபோது வராத பயம் அது.

மரம் என்று அடித்தான். பாலம் என்று அடித்தான். மற்ற மூன்றையும் காலியாக விட்டான்.

அரை மணி கழித்து மருத்துவ உதவியாளர் கிப் அவனை மட்டும் கூப்பிட்டான். கிப்பும் பதினோரு வருடமாக அங்கேதான் இருக்கிறான். ஆட்டக்காரர்கள் செய்வது அவனுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்கத்தான் சம்பளம்.

"ஐம்பத்தேழு," என்றான் கிப், தாளைக் காட்டி. "முதல் வருஷம் ஐம்பத்தெட்டு. பதினோரு வருஷத்துல ஒரே ஒரு மார்க்கு. உன் தலை கருங்கல்லுடா, டெல். எதுவுமே ஆகலை உனக்கு."

டெல்வின் தாளைப் பார்த்தான். "கிப், நான் இந்தத் தடவை..."

"என்ன?"

இந்தத் தடவை நான் நடிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் நாளைக் காலை முகாமில் நடு வரிசையில் கேலன் நிற்பான். சாயங்காலத்துக்குள் உடைமாற்றும் அறையில் அவன் அலமாரியின் பெயரை மாற்றி எழுதிவிடுவார்கள். பதினோரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுபதாயிரம் பேர் தன் பெயரைச் சொல்லிக் கத்தக் கேட்டவன், வீட்டில் உட்கார்ந்து மகளின் பள்ளி எது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லை," என்றான். "கையெழுத்து எங்க போடணும்?"

கிப் இடத்தைக் காட்டினான். உடல்தகுதி உள்ளது என்று மேலே அச்சடித்திருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் கேலன் தொப்பியோடு காத்திருந்தான். அவன் மார்க்கு அறுபத்து நான்கு. "முழங்கையால எழுதியும் அறுபத்து நாலு, பெருசு. உயிரைக் கொடுத்து முட்டாளா இருந்தோம், உன்கிட்ட நெருங்க முடியலையே. எப்படிப் பண்றே?"

"அதெல்லாம் பிறவியிலேயே வரணும்," என்றான் டெல்வின்.

மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கேலன் தொப்பியை அவன் தலையில் வைத்து, இரண்டு காதையும் பிடித்து நேராக நிறுத்தினான். டெல்வின் கழுதை மாதிரி ஒரு தடவை கத்திக் காட்டினான். ஒவ்வொரு வருடமும் கத்துவது வழக்கம். கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை.

காரில் போகும்போது யோலண்டாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். ஐம்பத்தேழு என்பதை மறைக்க முடியாது, தாளின் நகல் வீட்டுக்கு வரும். மறைக்கவும் வேண்டாம் என்று தோன்றியது. பழையபடி ஏமாற்றினேன் என்று சொல்லிவிட்டால் போதும். சத்தியத்தை மீறினாயே என்று திட்டுவாள், இரண்டு நாள் பேச மாட்டாள். அவள் கோபம் அவனுக்குப் பழக்கம். அவள் பயம்தான் அவனால் தாங்க முடியாதது.

இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து, தொப்பியைச் சமையலறை மேஜையில் போட்டான். யோலண்டா தொப்பியைப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"ஐம்பத்தேழு." சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். "கோவிச்சுக்காதே. உட்கார்ந்ததும் பழக்கதோஷம். அந்தப் பொடியன் கேலன் சவால் விட்டான், விட்டுக்கொடுக்க முடியலை. நடிச்சுட்டேன்."

"சத்தியம் பண்ணினே."

"தப்புதான். என்னைத் திட்டு."

அவள் திட்டவில்லை. எதிரே உட்கார்ந்து அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதிகூட வந்த மாதிரி இருந்தது. "அப்போ விடையெல்லாம் உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தப்பா எழுதினே."

"பின்னே? எல்லாம் தண்ணி பட்ட பாடு."

"அஞ்சு வார்த்தை காட்டினாங்கல்ல, அது என்ன?"

"என்ன, நீயும் டெஸ்ட் வைக்கறியா?"

"சொல்லேன். காலையிலதானே பார்த்தே."

டெல்வின் முதுகை நாற்காலியில் சாய்த்தான். அவளுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது என்பது அவனுக்கு நினைவு வந்தது. எதைச் சொன்னாலும் சரிதான். மனசு லேசானது.

"உப்பு," என்றான். "பீச் பழம்." கொஞ்சம் நிறுத்தினான். "கழுதை." தலையைத் தூக்கினான். "ஜன்னல். அப்புறம், கடிகாரம். போதுமா?"

யோலண்டா அவன் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போன இடமெல்லாம் அவளும் போனாள். மேஜையில் உப்புக் குப்பி இருந்தது. அதற்குப் பக்கத்தில் கிண்ணத்தில் பீச் பழங்கள். அதற்குப் பக்கத்தில் அந்தத் தொப்பி.

அவள் எழுந்தாள். உப்புக் குப்பியை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பழக்கிண்ணத்தை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். தொப்பியை இழுப்பறையில் திணித்தாள், ஒரு காது வெளியே நீண்டது, அதையும் உள்ளே தள்ளி மூடினாள். ஜன்னல் திரையை இழுத்து விட்டாள். ஒரு நாற்காலியை நகர்த்தி, அதன்மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, நடையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். டெல்வின் அவள் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

"இப்போ சொல்லு, டெல்," என்றாள். "நீ இப்போ எங்கிட்ட சொன்ன அதே அஞ்சு வார்த்தை. இன்னொரு தடவை."

டெல்வின் மேஜையைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினான், திரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினான். பிறகு தலையைத் தூக்கி எதிர்ச்சுவரில் தேடினான். கடிகாரம் இருந்த இடத்தில் வட்டமாக வெளுத்திருந்தது. அதன் மேலே ஆணி மட்டும் இருந்தது.

"ஆணி," என்றான்.