ஏஞ்சலின் மஞ்சள் பாதங்கள்

பம்மலில் தோல்பை தைக்கும் ஏஞ்சல் விழுங்கிய மஞ்சள் மருந்தெல்லாம் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் வழியே வெளியேறிவிடும். அவள் நடந்த இடமெல்லாம் மஞ்சள் பாதம் பதிந்தது: வாசற்படி, தண்ணீர் லாரி நிற்கும் முனை, ஷேர் ஆட்டோவின் தரை. கழுவினாலும் போகவில்லை. வீட்டுக்காரம்மா செல்லம்மா, "இன்னாம்மா, கோலம் எது, உன் காலு எதுன்னே தெரில. ஓரமா நட" என்றதோடு சரி.

வலது கை விரல்கள் வீங்கி மடங்க மறுத்ததால்தான் மருந்து. ஊசி பிடிக்க முடியாதவளை ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியாது என்று பட்டறை மேஸ்திரி சொல்லியிருந்தார். விரல் குணமாக ஏஞ்சல் ஒரு நேர்ச்சையும் செய்திருந்தாள். தவக்காலம் முடியும்வரை எண்ணெய், நெய், கறி நாக்கில் படாது. வெறும் கஞ்சி, அவித்த காய், வெந்நீரில் மருந்து.

அவள் தம்பி ஜெபினுக்கு மறைமலை நகரில் ஒரு மூலிகை மருந்துக் கம்பெனியில் வேலை. மஞ்சளின் சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்போடு போனால்தான் ரத்தத்தில் சேரும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகளுக்குள் அதைப் பொதிந்து அங்கே மாத்திரை செய்வார்கள். அக்காவின் நேர்ச்சையே அக்காவின் மருந்தை வெளியே தள்ளுகிறது என்று புரிந்ததும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. கம்பெனி மாத்திரையை வாங்கி வந்து நீட்டினான்.

"உள்ள என்னடா இருக்கு?"

"மஞ்சள்தான்க்கா. கூட துளி கொழுப்பு."

"உனக்கிருக்கற கொழுப்பே போதும். ஈஸ்டர் வரட்டும்."

அதற்குப் பிறகு ஜெபின் ஓரிடத்தில் உட்காரவில்லை. ரயிலில் இடம் இருந்தும் நின்றான். தினமும் காலையில் மாத்திரையைப் பிரித்துக் கஞ்சிப் பானைமேல் பிடிப்பான். பிறகு கையை இழுத்துக்கொள்வான். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஏஞ்சலின் விரல்களால் ஜெபமாலை மணியைக்கூட நகர்த்த முடியவில்லை.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் வாசற்படியில் இருந்த மஞ்சள் பாதங்கள் கிளம்பி, ஜோடி ஜோடியாக உள்ளே வந்து அவள் உள்ளங்காலில் ஏறின. தண்ணீர் முனையில் இருந்தவை வரிசைக் குடங்களைச் சுற்றிக்கொண்டு வந்தன. செல்லம்மா துடைப்பத்தைத் தூக்கி வழிவிட்டாள். ஏஞ்சலின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மடங்கிய விரல்களால் தம்பியின் காதைப் பிடித்துத் திருகினாள்.

"கஞ்சிப் பானைகிட்ட தெனம் என்னடா பண்ணிட்டிருந்த?"

நன்றாகவே வலித்தது. ஜெபின் விடச் சொல்லவில்லை.

ஷேர் ஆட்டோவில் பதிந்த பாதங்கள் மட்டும் இன்னும் வரவில்லை. வண்டி பல்லாவரம் போயிருந்தது. அவை வரும்வரை கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள்.