பதினோராவது கேள்வி

அமைச்சருக்கு நன்றி சொல்லக் கோலாலம்பூர் போகவேண்டும் என்று சிங்காரம் வந்து நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றி சொல்லும்படி அங்கே எதுவும் நடந்துவிடவில்லை. அவன் மனைவி நீலாவதி ஐந்து வருடமாகத் தமிழ்நாட்டில் முசிறியில் கிடந்தாள். அவளை மறுபடி மலேசியாவுக்குள் விட அரசாங்கம் சம்மதிக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் சாம்பசிவம் அவளைப் பற்றி ஒரு கேள்வி கொடுத்திருந்தார். அந்தக் கேள்வி அச்சாகி எங்கள் கைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். அமைச்சர் இனிமேல்தான் பதில் சொல்லவேண்டும்.

"அச்சுல பேரு வந்துடுச்சே கிராணி," என்றான் சிங்காரம். "இனிமே எப்படி இல்லேம்பாங்க?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம் அப்படி. விடிகாலையில் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நிற்கும்போது யாராவது குறை சொன்னால், துரைக்குச் செய்ய மனமிருந்தால் கறுப்பு நோட்டைத் திறந்து எழுதுவார். மனமில்லையென்றால் நோட்டு அவர் கக்கத்தைவிட்டு அசையாது. நோட்டில் ஏறிய காரியம் நின்றுபோனதாக ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு துரையின் நோட்டுக்கே அந்த மரியாதை என்றால் நாடாளுமன்றத்தின் அச்சுக் காகிதத்துக்கு எவ்வளவு இருக்கவேண்டும்? நீலாவதி வந்துவிட்டாள் என்றே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மணியம்மா பாயசம்கூட வைத்துவிட்டாள்.

நான் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. பெயர் அர்ஜுனன். மலாயில் மனு எழுத எங்கள் மலையில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சிங்காரத்தோடு போக எனக்கு விருப்பமில்லை. அதற்குக் காரணம் இருந்தது, சொல்கிறேன்.

நீலாவதி எங்கள் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவள். பிறந்த பத்திரம் தொலைந்துபோனதால் குடியுரிமை கிடைக்கவில்லை, சிவப்பு அடையாள அட்டைதான். எழுபதில் அவள் அப்பாவுக்கு வேலை பெர்மிட் நின்றுபோய் ஊருக்குக் கப்பலேறினார். மறுவருடமே அவருக்குப் பக்கவாதம். ஒரே மகள், போகாமல் இருப்பாளா? ஒரு வருடத்தில் திரும்பலாம் என்ற பெர்மிட்டோடு, நாலு வயது மகள் அம்சவல்லியைச் சிங்காரத்திடம் விட்டுவிட்டுப் போனாள். அப்பா சாகவும் இல்லை, எழவும் இல்லை. பெர்மிட் காலம் முடிந்தது. அதன்பிறகு அவளுக்குக் கதவு திறக்கவே இல்லை.

வெளியுறவு அமைச்சுக்கு எழுதினோம். இது உள்நாட்டு விவகாரம் என்று பதில் வந்தது. உள்துறைக்கு எழுதினோம். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள், அங்குள்ள தூதரகத்தைக் கேளுங்கள் என்றார்கள். இப்படியே பந்து உருண்டு உருண்டு அம்சவல்லிக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. எழுபத்தாறில்தான் சாம்பசிவம் எங்கள் மலைநகரமான தானா ராத்தாவுக்கு வந்தபோது சிங்காரம் அவர் காரை வழிமறித்து மனுவைக் கொடுத்தான்.

மலாய் பேச வேறு ஆள் இல்லாததால் தட்டமுடியாமல் நானும் கிளம்பினேன். திரிங்காப்பிலிருந்து கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிப்போகும் வேலப்பனின் லோரியில் மலையிறங்கினோம். சிங்காரம் வெள்ளைச் சட்டை, மலைக் குளிருக்குப் போடும் ஸ்வெட்டர். அதைக் கழற்ற மறந்து கோலாலம்பூர் வெயிலில் வேர்த்துக் கொட்டினான். கையில் துணியில் சுற்றிய ஒரு கிலோ தேயிலை. தொழிற்சாலையில் இலை காயவைக்கும் மெஷினில் அவனுக்கு வேலை. இருக்கிற தூளிலேயே நயமானதாகப் பார்த்து வாங்கிவந்திருந்தான். நான் இரவல் கோட்டுக்குள் பூச்சி உருண்டை வாசத்தோடு நீலாவதியின் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாம்பசிவம் வாங்கித்தந்த அனுமதிச் சீட்டோடு நாடாளுமன்றத்தில் பார்வையாளர் மேல்மாடத்தில் உட்கார்ந்தோம். வெளியுறவுத் துணை அமைச்சர் வெளிநாடு போயிருந்ததால், அன்று இரண்டு அமைச்சுகளுக்கும் உள்துறைத் துணை அமைச்சரே பதில் சொன்னார். குள்ளமான மனிதர், தலையில் சொங்கோக் தொப்பி, தடித்த கண்ணாடி. வியட்நாமோடு உறவு எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். தென்கிழக்காசியா நடுநிலையாக இருக்க வல்லரசுகள் ஒப்புமா என்று இன்னொருவர். எல்லையில் காவல் போதுமா என்று மூன்றாமவர். மனிதர் அசரவில்லை. ஒவ்வொரு நாட்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருப்பவர்போலப் பதில் சொல்லிக்கொண்டே போனார்.

பதினோராவது கேள்வி நீலாவதி.

"அந்தப் பெண்மணி பெர்மிட் காலம் முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார்," என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார் அமைச்சர். "உரிய காலத்தில் அவர் அக்கறை காட்டவில்லை. இங்கே வசிக்கும் உரிமையை அவரே கைவிட்டதாகக் கருதப்படுகிறது. அரசாங்கம் இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை."

சாம்பசிவம் எழுந்து துணைக்கேள்வி கேட்டார். அதே பதில் வந்தது. பன்னிரண்டாவது கேள்விக்குப் போய்விட்டார்கள்.

"என்னா சொன்னாரு கிராணி?" சிங்காரம் என் காதருகே குனிந்தான். கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில் அவன் சண்டையே போடுவான். நாடாளுமன்றத்து மலாய் அவனுக்குப் பிடிபடவில்லை.

"அப்புறம் சொல்றேன்," என்றேன்.

அந்த ஒன்பது நாளும் நான் செய்தது. நீலாவதி கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள் பெர்மிட் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே எனக்கு வந்துவிட்டது. மலாயில் பூர்த்திசெய்து தபாலில் சேர்க்க வேண்டியதுதான் என் வேலை. மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தாப்பாவுக்குப் போனேன். போன இடத்தில் விருந்து, சுற்றல், அப்படியே ஈப்போவில் சினிமா. திரும்பி வந்தும் இழுப்பறையைத் திறக்கத் தோன்றவில்லை. நினைவு வந்தபோது நாள் கடந்திருந்தது. அனுப்பிவிட்டுச் சிங்காரத்திடம், "அனுப்பியாச்சு," என்றேன். அது பொய்யில்லை என்று நாலு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கடிதம் வந்த உறை மட்டும் என்னிடமே இருந்தது. கிழித்துப்போடக் கை வரவில்லை.

வெளித் தாழ்வாரத்தில் அமைச்சரைச் சாம்பசிவம் நிறுத்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள் சிங்காரம் முந்திக்கொண்டான். தேயிலையை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளைய, "திரிமா காசே துவான், திரிமா காசே," என்றான். கண்ணில் நீர்.

அமைச்சர் திகைத்துப்போனார். "எதற்கு நன்றி?" என்று என்னைக் கேட்டார். "நான் முடியாது என்றுதானே சொன்னேன்? இவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையா?"

என்ன வேண்டுமானாலும் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அந்த மனிதன் வளைந்த இடுப்பை இன்னும் நிமிர்த்தவில்லை.

"துவான்," என்றேன், "நீங்கள் அவையில் சொன்ன பதில் தவறு. அந்தப் பெண் காலத்தோடு அனுப்பினாள். தாமதம் செய்தவன் நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். முசிறி முத்திரை, தானா ராத்தா முத்திரை, இரண்டிலும் தேதி தெளிவாக இருந்தது. அமைச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உறையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். எளிய மலாயில்தான் பேசினேன். சிங்காரத்துக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். அவன் பக்கம் நான் திரும்பவில்லை.

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" என்றார் அமைச்சர். "உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள்."

"தருகிறேன்."

ஜன்னல் கட்டையில் தாளை வைத்து எழுதினேன். அமைச்சர் அதை வாங்கி மடித்துக்கொண்டு சிங்காரத்தைப் பார்த்தார். "அவையில் நான் தவறான தகவல் சொல்லிவிட்டேன். அதை அதே அவையில் திருத்தவேண்டும்." பிறகு தேயிலைப் பொட்டலத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இதை வாங்கிக்கொண்டால் நான் செய்தே ஆகவேண்டும், இல்லையா?" என்றபடி வாங்கிக்கொண்டார். வியட்நாமுக்கும் வல்லரசுகளுக்கும் பதில் சொன்ன வாய் ஒரு லயத்துக்காரனிடம் தவறை ஒப்புக்கொண்டது. அந்த மனிதரை இன்றும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

திரும்பும்போது லோரியில் வேலப்பன் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டான். தாப்பா கடையில் காப்பிக்கு நின்றபோதுதான் சிங்காரம் பேசினான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா கிராணி."

"பயம்ப்பா."

"பள்ளிக்கூடத்துல ஒங்கம்மா எங்கன்னு யாராச்சும் கேட்டா எம்புள்ள அழுதுகிட்டு வரும். நீங்க மனு எழுதித் தர்றீங்களேன்னு தீபாவளிக்குத் தீபாவளி ஒங்களுக்கு முறுக்கு கொண்டாந்தேன். வாங்கித் தின்னீங்க."

தின்றேன். நன்றாக இருக்கிறது என்றும் ஒவ்வொரு வருடமும் சொன்னேன். அவன் என்னை இரண்டு அறை அறைந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் என் காப்பியையும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஆறும்வரை பார்த்துவிட்டு, கடைசியில் என் பக்கம் தள்ளினான்.

பத்து நாள் கழித்துத் தமிழ்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் விண்ணப்பம் பற்றித் தாம் தந்த பதில் பிழையானது, தாமதத்துக்கு அந்தப் பெண்மணி பொறுப்பல்ல என்று துணை அமைச்சர் மக்களவையில் திருத்திக் கூறினார். அவரது விண்ணப்பம் மறுபடி எடுத்துக்கொள்ளப்படும். லயத்தில் ஒரே கொண்டாட்டம். துரை மட்டும் என்னைக் கூப்பிட்டு, காது சிவக்கத் திட்டி, ஆறு மாதம் தேயிலை நிறுக்கும் இடத்துக்கு மாற்றினார். குறைந்த தண்டனை. அதற்காக அவருக்கும் நன்றி சொன்னேன், வினோதமாகப் பார்த்தார்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் நீலாவதி பினாங்கில் கப்பலிறங்கினாள். அவள் அப்பா இரண்டு மாதம் முந்தித்தான் கண்மூடியிருந்தார். துறைமுகத்துக்குச் சிங்காரம் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன். அவர்கள் மலையேறி வந்த அன்று நிறுக்கும் கொட்டகையைவிட்டு நான் வெளியே தலைகாட்டவில்லை.

மறுநாள் அவளே வந்தாள். மகள் அவள் முந்தானையை விடாமல் பிடித்திருந்தாள். நீலாவதி மெலிந்து, காதோரம் நரைத்திருந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"அம்மா, தப்பு என்னுது," என்றேன். "எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல."

"தெரியுங்க. அவரு எழுதினாரு. படிச்சுட்டு ரெண்டு நாளு ஒங்கள வாயில வந்தபடி ஏசினேன்," என்றாள். "அப்புறம் யோசிச்சேங்கய்யா. அங்க சனமெல்லாம், புருசன்கிட்ட போக மனசில்லாமத்தான் நாள கடத்திட்டான்னு பேசுச்சு. நானும் என்னத்த தப்பா எழுதினேனோன்னு நாலு வருசம் எனக்கு நானே செத்தேன். ஒங்க வாயால நீங்க சொல்லாட்டி, தப்பு எம்மேல இல்லேன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? ரொம்ப நன்றிங்கய்யா."

தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஒன்பது வயதுப் பிள்ளை பார்க்கிறதே என்றுகூட இல்லாமல்.

நீலாவதி நான் முடிக்கும்வரை நின்றாள். பிறகு மடியிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினாள்.

"குடியுரிமைக்கு மனு போடணும். நீங்கதான் எழுதணும்."

"நானா?"

"வேற யாருக்கு மலாயில எழுதத் தெரியும்?"

தேயிலைச் சாக்கின்மேல் தாளை வைத்து அங்கேயே எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டதும் கொட்டகையைப் பூட்டிவிட்டு, லோரிக்குக்கூடக் காத்திராமல் தானா ராத்தாவுக்கு நடந்தேன். தபால் கந்தோர் மூட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.