மூன்றாம் ஓலை

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிகிற நேரத்தில் ஸ்டெபிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. குன்னூர்க் குளிரிலும் கழுத்தெல்லாம் வேர்வை. சர்க்கரை இறங்குகிறது. பதின்மூன்று வருடப் பழக்கம், தெரியாதா பின்னே? காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவளை ஓர் இட்லிகூட முழுசாகத் தின்னவிடாமல் ஜீப்பில் ஏற்றியவள் அம்மா ஜெஸிந்தாதான்.

கைப்பையில் மிட்டாய் இருந்தது. எடுக்கப்போன கையை அம்மா அமுக்கிப் பிடித்தாள்.

"அவுங்க பாக்குறாங்க. செத்த பொறுத்துக்க."

அவுங்க என்றால் பக்கத்து வரிசையில் இருந்த மாப்பிள்ளை பிரைட்டனும் அவன் அம்மாவும். பெண் பார்க்க வந்த அன்று ஸ்டெபி லட்டைத் தொடவில்லை. கல்யாணம் வரைக்கும் இனிப்பு தொடமாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்திருக்கிறாள் என ஜெஸிந்தா கூசாமல் அளந்துவிட்டாள். பிரைட்டனின் அம்மா உருகிப்போய், தானும் அதுவரை இனிப்பு தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். பொய்க்கு மாதாவையும் இழுத்தாயிற்று.

பதினோரு வயதில் வந்த நோய். உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோய்விட்டது, இனிப்பு தின்று வந்ததில்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். ஜெஸிந்தாவுக்கோ அது ஊருக்குத் தெரியக்கூடாத அசிங்கம். அதனால் ஸ்டெபிக்குக் காலேஜில் கக்கூசில் ஊசி, தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் பழைய ஃபைல்களுக்குப் பின்னால் ஊசி. வலி எப்போதோ மரத்துவிட்டது. இந்தத் திருட்டுத்தனம்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல். பிரைட்டனிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தபோதும் அம்மா பிடுங்கிக்கொண்டாள். தாலி ஏறட்டும், அப்புறம் பார்க்கலாமாம்.

ஃபாதர் ஓலை வாசித்தார். மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு, இது கடைசி. இத்திருமணத்திற்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கம்போல் முடித்தார். எவரும் காதில் போட்டுக்கொள்ளாத வரி அது.

ஸ்டெபி அம்மாவின் கையை உதறினாள். இரண்டு மிட்டாயைச் சேர்த்து வாயில் போட்டு, கடித்து நொறுக்கி விழுங்கினாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஃபாதர், எனக்குச் சர்க்கரை நோய் இருக்குதுங்க. பதினோரு வயசுலருந்து தெனம் நாலு ஊசி. நேர்ச்சை ஒண்ணும் கெடையாதுங்க. இது தடையான்னு அவுங்களே சொல்லட்டும்."

பிரைட்டனின் அம்மா எழுந்தார், மகனின் கையைப் பற்றினார், ஃபாதரின் கடைசி ஆசீர்வாதத்துக்கும் நிற்காமல் வெளியேறினார். பிரைட்டன் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு அவனும் போய்விட்டான். ஸ்டெபிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அம்மாமேல் மட்டுமில்லை, அவன்மேலும் சேர்த்து.

வெளியே படிக்கட்டில் ஜெஸிந்தா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இத்தன பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டியே, பாவி."

"நான் உள்ளயே உளுந்து செத்திருந்தா என்ன சொல்லியிருப்பம்மா? அப்பவும் நேர்ச்சைன்னுதான?"

ஜெஸிந்தாவின் கை தானாகத் தோளை விட்டு இறங்கியது.