இருபத்தொன்றாம் பக்கம்

பக்கத்து வீட்டுக் காண்டிராக்டருக்குத் தாள் என்றாலே ஆகாது. சுவரைத் தட்டிப் பார்த்துக் கலவையின் லட்சணத்தைச் சொல்லிவிடுவார். ஒரு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் வியர்த்துவிடும். அப்படிப்பட்டவர், இருபது வருஷம் பெரிய கம்பெனிகளுக்குக் கீழே வேலை செய்துவிட்டு, முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் அரசாங்க டெண்டர் போடக் கிளம்பினார். பள்ளிக்கூடத்துக்கு எட்டு வகுப்பறை கட்டும் வேலை.

கிளம்பினது அவர், எழுதினது அவர் தங்கை. கட்டடப் பொறியியல் படித்தவள். நாலு வருஷமாக அண்ணனுக்கு வரைபடம் போடுவது, கம்பிக்குக் கணக்குப் பார்ப்பது, வெயிலில் நின்று ஆட்களிடம் கத்துவது எல்லாம் அவள்தான். ஆனால் எந்தத் தாளிலும் அவள் பெயர் கிடையாது. யாராவது கேட்டால், "வீட்டுல சும்மாதான் இருக்கா, எனக்குக் கொஞ்சம் ஒத்தாசை" என்பார் அண்ணன்.

இந்த டெண்டரில் பட்டம் பெற்ற தளப் பொறியாளர் ஒருவரைக் காட்டியே ஆக வேண்டும். தன் பெயரைப் போட்டிருப்பதாக, மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள். "இது ஒண்ணு கிடைச்சா போதும்க்கா. நாளைக்கு எங்க போனாலும் இந்தக் கட்டடம் நான் பார்த்ததுன்னு காட்டலாம்."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"இருபத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு. படிச்சா தெரியும்."

அவர் படிக்கப் போகிறாராக்கும்!

மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் வானொலி போடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமே போதுமானதாக இருந்தது. டெண்டர் புத்தகத்தில் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று போட்டிருந்தது. வேலையை எப்படிச் செய்வோம் என்பதற்கு நாற்பது, ஆட்களுக்கு முப்பது, பழைய அனுபவத்துக்கு இருபது, இயந்திரங்களுக்குப் பத்து. மொத்தமே நாற்பது பக்கம்தான். ஒரு பக்கம் கூடினாலும் தள்ளிவிடுவார்கள். தங்கை அந்த வரிசையிலேயே எழுதினாள். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"முதல்ல நம்ம அப்பா கொத்தனாரா ஆரம்பிச்ச கதை வரணும் பாப்பா."

"அதுக்கு மார்க் இல்லண்ணே."

"போட்டோவாவது முன்னாடி வைக்கலாம்ல? எத்தனை ஆபீசர்கூட நின்னிருக்கேன்!"

"அதுக்கும் மார்க் இல்ல."

"அப்ப எதுக்குத்தான் மார்க்?"

"பிள்ளைங்க படிச்சுக்கிட்டு இருக்கறப்பவே பக்கத்துல எப்படிக் கட்டுவீங்கன்னு கேக்கறாங்க. வேலி எங்க போடுவீங்க, லாரி எந்நேரம் வரும், தளம் லீவு நாள்ல போடுவீங்களா. அதைச் சொன்னாத்தான் மார்க்."

அண்ணன் உறுமிக்கொண்டே எழுந்து போகும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தத்திலேயே கோபத்தின் அளவு தெரிந்துவிடும்.

கடைசி நாள் காலையில் தாள்களை பைண்டிங் கடைக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்துப் போட வேண்டும், அதையும் அங்கேயே முடித்துவிடுவதாகச் சொன்னார். மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். நான் துணைக்குப் போனேன். யாருக்குத் துணை என்று கேட்காதீர்கள்.

அலுவலகத்து நடையில் தகரப்பெட்டி ஒன்று, பக்கத்தில் பசை டப்பாவோடு ஒரு குமாஸ்தா. மணி இரண்டு நாற்பது. உறையில் போடுமுன் தங்கை ஒரு தடவை புரட்டினாள். எட்டாம் பக்கத்தில் கை நின்றது. அதில் அண்ணன் ஓர் அதிகாரியோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பதில் வேறோர் அதிகாரி. இருபத்தொன்று வரைக்கும் ஒரே சிரிப்பு.

"அண்ணே, வேலைமுறை எங்க?"

"ஸ்கூட்டர் டிக்கியில இருக்கு. நாப்பதுக்கு மேல போகக் கூடாதுன்னியே, அதான் பதினாலை எடுத்துட்டுப் பதினாலை வச்சேன்."

"எடுக்கறதுக்கு அதுதான் கிடைச்சுதா?"

"ஏய், இதைப் பாக்கறவங்க எல்லாம் பெரிய பெரிய இன்ஜினியருங்க. அவங்களுக்கே போயி கட்டடம் எப்படிக் கட்டறதுன்னு சொல்லிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

வேடிக்கை என்னவென்றால், மனுஷன் அதை மனசாரச் சொன்னார்.

அவள் ஸ்கூட்டரைப் பார்த்து ஓடினாள். மூச்சிரைக்கப் பதினாலு தாளோடு திரும்பி வந்து, சுருள் கம்பியைப் பல்லால் நெம்பினாள். சிரிக்கும் அதிகாரிகளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அவர் கையெழுத்து லேசுப்பட்டதல்ல. மூன்று சுழி, ஒரு வால், அடியில் இரண்டு கோடு. பதின்மூன்று தாளுக்குள் எனக்கே வியர்த்துவிட்டது.

இருபத்தொன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.

"என்ன இது, உன் பேரு?"

"பட்டம் கேக்கறாங்கண்ணே."

"சைட்டுல நிக்கறது நானு. தாள்ல நீயா?"

"நானும்தான் நிக்கறேன்."

"நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவான்? தங்கச்சி பேரைச் சொல்லிப் பொழைக்கிறான்னு சொல்ல மாட்டானா?"

"நாலு வருஷமா உங்க பேர்லதானே நான் உழைச்சேன். எவன் என்ன சொன்னான்?"

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "சார், ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"இந்த ஒரு தாளை எடுத்துட்டா?" என்றார் அண்ணன்.

"எடுத்துக்குங்க. முப்பது மார்க் போகும், நானும் போறேன்."

அவர் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஏனோ என்னையும் பார்த்தார். பிறகு குனிந்தார். முதல் சுழி, இரண்டாம் சுழி. வாலை இழுத்துக்கொண்டிருந்தபோது குமாஸ்தா பெட்டியின் வாயில் காகிதத்தை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"அந்தக் கடிகாரம் வேகமா ஓடுது" என்று காண்டிராக்டர் ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை மாடிக்கு வந்தால் துணியை உதறும் உதறலில் பொத்தான்கள் தெறித்தன.

அடுத்த மாதம் இன்னொரு டெண்டர் வந்தது, ஒரு சுகாதார நிலையம். புத்தகத்தை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் கனைத்தது எனக்கே கேட்டது.

"என்னைப் பத்தின பக்கத்தை முதல்ல நீங்க எழுதுங்க" என்றாள். "உங்க கையால. கையெழுத்தும் போட்டுக் குடுங்க. மிச்சத்தை நான் எழுதறேன்."

"நானா? எனக்கு என்ன எழுதத் தெரியும்?"

"என்னைத் தெரியும்ல? அது போதும்."

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். காண்டிராக்டர் கையில் ஒரு தாளோடு கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார். மேலே அவள் பெயர், அதற்குக் கீழே வெள்ளை.

"ஏம்மா," என்றார் தணிந்த குரலில். "இவ படிச்சு முடிச்சது எந்த வருஷம்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கா தெரியாது? வருஷம் தெரியும், வாங்கின மதிப்பெண் தெரியும், பட்டமளிப்புக்கு இவர் வராததும் தெரியும்.

"கீழதானே இருக்கா? போய்க் கேளுங்க" என்றேன்.

படிக்கட்டுவரை போனார். அங்கேயே நின்றார்.