இரட்டை மஞ்சள்

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் அனிதா, ஆண்டுதோறும் விடுப்பெடுத்துக்கொண்டு கார்ப் பந்தயத்தில் கொடி காட்டப் போய்விடுவாள். சம்பளம் கிடையாது. ஆரஞ்சு உடையும் வெயிலும் காதைப் பிளக்கும் இரைச்சலும்தான். இந்த ஆண்டு கூடுதலாக ஒரு படபடப்பு. இளையோர் பந்தயத்தில் ஈசூன் வட்டாரத்துப் பெண் ரக்ஷனா ஓட்டுகிறாள். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போனாலும் அவளைப் பற்றித்தான் பேச்சு.

சனிக்கிழமை பிற்பகல். பந்தயம் முடியப்போகும் நேரம். முதல் காரின் வாலைப் பிடித்தபடி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள் ரக்ஷனா. அப்போது அனிதா நின்ற வளைவில், பின்தங்கிப்போன கார் ஒன்று சுழன்று தடுப்புச்சுவரில் மோதி நின்றது.

"அக்கா, டபுள் யெல்லோ! நான் போறேன்!" அவளோடு பணியில் நின்ற அஃப்னான் சுவரைத் தாண்டிக் குதித்து, அடிபட்ட ஓட்டுநரிடம் ஓடினான்.

அனிதா இரண்டு மஞ்சள் கொடிகளையும் வீசினாள். பாதையில் ஆள் இருக்கிறது, முந்தாதே, நிற்கவும் தயாராக இரு என்று அதற்குப் பொருள். இந்தக் கார்களுக்குச் சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் கார் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

முதல் கார் தாமதமாக பிரேக் பிடித்து ஓரத்துக்கு வழுக்கிப் போனது. உள்பக்கம் அப்படியே காலி. நுழைந்தால் முதலிடம். ஆனால் அந்த இடைவெளியின் மறுமுனையில் அஃப்னான் குனிந்திருந்தான்.

ரக்ஷனாவின் இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. பின்னால் வருபவர்களை எச்சரிக்கக் கையை உயர்த்தினாள். வழுக்கிய கார் நிமிர்ந்து மறுபடி முன்னால் போனது. பார்வையாளர் வரிசையில், "ஐயோ, விட்டுட்டாளே!" என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாமிடம்தான் கிடைத்தது.

சாயங்காலம் தண்ணீர் வாங்கும் இடத்தில் ரக்ஷனாவைப் பார்த்துவிட்டாள் அனிதா.

"நான்தான்மா அந்தக் கொடி. கோவமா இருக்கா?"

"ரொம்ப கோவம்க்கா!" ரக்ஷனா சிரித்தாள். "ஆனா அந்த அண்ணனோட முதுகு எனக்கு நல்லா தெரிஞ்சுச்சு. எப்படிப் போறது? நாளைக்கு இன்னொரு ரேஸ் இருக்குலா. கொடி இல்லாத இடத்துல பிடிக்கிறேன்."

இந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. கண்ணிமைக்கும் நேரத்தில் எவ்வளவு பெரிய முடிவு!

ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னபடியே பிடித்தாள். அனிதா நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை. தூரத்தில் கூட்டம் ஆர்ப்பரித்ததுதான் கேட்டது. வெளிப்பக்கமாகப் போய், முதலில் போன காருக்கு ஒரு கார் அகலத்துக்கு இடம் விட்டு, உரசாமல் முந்தினாள் என்று வாக்கி டாக்கி சொன்னது. கொஞ்ச நேரத்தில் ரக்ஷனாவின் கார் முதலாவதாக வளைவைக் கடந்து பறந்தது.

கொடி காட்டுகிறவர்கள் கை தட்டக்கூடாது. அனிதா தட்டவில்லை. அஃப்னான் தட்டினான். அவனை அதட்ட அவளுக்கு மனம் வரவில்லை.