வெள்ளை வூடு நிறுத்தம்

பாலக்கோட்டுக்கு மேற்கே ரோட்டோரம் இருந்த சின்னப்பன் வீட்டின் மேல் மட்டும் கரி பெய்யத் தொடங்கியது, தக்காளி கிலோ ஆறு ரூபாய்க்கு இறங்கிய ஒரு புரட்டாசி வாரத்தில். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்துமஸுக்கு முன் தவறாமல் சுண்ணாம்பு அடித்த வீடு அது. பஸ் நிறுத்தத்துக்கே வெள்ளை வூடு என்றுதான் பெயர். சின்னப்பன் இருபத்திரண்டு வருடம் செங்கல் சூளையில் நெருப்புப் போட்டவர். தொட்டியடியில் குளிக்காமல் ஒருநாளும் வாசற்படி ஏறியதில்லை. மகன் ஆண்டோவுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, "எங்க வம்சத்துல இனிமே கரி கெடையாது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்.

விழுந்த கரியில் விறகு வாசனை இல்லை, டீசல் வாசனை இருந்தது. துடைத்துவிட்டு, அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்திருந்த மகனுக்குப் போன் போட்டார்.

"உனக்கு அங்க என்னதாண்டா வேல?"

"ஊரே செல்லுல சாமான் வாங்குது பாருங்கப்பா, அதெல்லாம் எங்க மெஷின்லதான் ஓடுது. அது சூடாவாம இருக்க ராப்பகலா ஏசி. கரண்டு போனா பின்னால ஜெனரேட்டர்."

"அந்தப் பொகை எங்க போவுது?"

"எங்கியோ போவுதுங்கப்பா. இங்க உள்ள ஒரு தூசு கெடையாது."

எங்கே போகிறது என்று சின்னப்பனுக்குத் தெரிந்துவிட்டது. மகனிடம் சொல்லவில்லை.

தீபாவளித் தள்ளுபடி வாரங்களில் கரி விரல் கனத்துக்கு விழுந்தது. ஆண்டோ லீவு போட்ட நாளில் விழாது. ஊரடங்கு வருடத்தில் ரோட்டில் ஒரு வண்டி இல்லை, மலைகள் கழுவி வைத்ததுபோலத் தெரிந்தன. நகரமே வீட்டுக்குள் உட்கார்ந்து சாமான் வாங்கிய அந்த மாதங்களில்தான் சின்னப்பன் வீட்டில் கரி அதிகம். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் வந்து அளந்து பார்த்தார். ஒரே வீட்டைப் பற்றி எழுதத் தன் படிவத்தில் இடமில்லை என்று சொல்லிப் போய்விட்டார். வருடத்துக்கு ஒருமுறை அடித்த சுண்ணாம்பைச் சின்னப்பன் மாதம் ஒருமுறை அடித்தார், விடியுமுன் ஏணி வைத்து, ஆள் பார்க்காமல். சுண்ணாம்புக் கடை ஹயாத் பாஷா, "ஏண்ணே, சோத்துல போட்டுச் சாப்புடறீங்களா?" என்று கேட்டபோது, "செவுரு எங்களுது" என்று மட்டும் பதில் வந்தது. மனைவி வேளாங்கண்ணி இறந்த வருடம் ஆண்டோ வந்து இரண்டு நாள் இருந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனான். வாரம் ஒருமுறை வந்த போன் மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை.

போன கார்த்திகையில் கரி நின்றது. சுவர் கண் கூசும்படி வெளுத்துக் கிடந்தது. பங்குச் சாமியார் வந்து பாராட்டினார். சின்னப்பன் மகனுக்குப் போன் போட்டார். அது அணைந்து கிடந்தது. அவன் வேலை செய்யும் கட்டடத்தின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் கரியைப் பார்த்தல்லவா, இன்றைக்கு அவனுக்கு வேலை அதிகம், இன்றைக்கு ஓய்வு என்று தெரிந்துகொண்டிருந்தார்! பத்தொன்பது நாள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். இருபதாம் நாள் காலை அவர் தோள் துண்டில் கறுப்பாக ஒரு பொட்டு வந்து உட்கார்ந்தது. உதறவில்லை. மத்தியானம் போன் வந்தது.

"டைபாய்டுல ஆசுபத்திரில கெடந்தேங்கப்பா. செல்லும் போயிருச்சு. இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தேன்."

"தெரியும்" என்றார் சின்னப்பன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூட்டைச் சுண்ணாம்போடு வந்த ஹயாத் பாஷாவை வாசலிலேயே நிறுத்தினார். "வேணாம் பாஷா. அடிச்சா, வந்தது தெரியாது."

தை முடியுமுன் வீடு முழுக்கக் கறுத்துவிட்டது. மாசியில், அரூரிலிருந்து மாற்றலாகி வந்த நடத்துநர் விவரம் தெரியாமல், "கறுப்பு வூடெல்லாம் எறங்கு" என்று கூவினார். பஸ்ஸே சின்னப்பனைத் திரும்பிப் பார்த்தது. அவர் வேட்டியைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, இறங்கி நடந்தார். இப்போது டிக்கெட்டிலும் அந்தப் பெயர்தான் அச்சாகிறது. பாலக்கோட்டிலிருந்து எட்டு ரூபாய்.