மலையம்மாளின் பக்கம்

“ஏக்கா, இதுல நான் பாஸா, ஃபெயிலா?”

மலையம்மாள் கேட்டது மீனாவிடம். அவனியாபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மீனா வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று. திரையில் கட்டமும் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த எழுத்துகளுமாக, மூட்டை பிரிந்து சிந்திய பயறு போலக் கிடந்தது பக்கம்.

ரிசல்ட் தளம் அன்றைக்கு யாருக்கும் லேசில் திறக்காது. அதனால் கடைக்காரர் கார்த்திகேஷ் ஒரு சின்ன புரோகிராம் எழுதிவைத்துவிட்டு, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பரமக்குடி போயிருந்தார். தேர்வு எண்ணைக் கொடுத்தால், பதில் வரும்வரை அது தளத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். பதில் வந்துவிட்டது. படிக்கத்தான் முடியவில்லை.

எழுத்து உடைந்தால் அதற்குரிய ஃபான்ட் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம். அந்தக் கடையின் வேதம் அது. தமிழ்ப் பத்திரிகை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஃபான்ட் வைத்திருந்த காலம். மீனா இருந்ததையெல்லாம் மாற்றிப் பார்த்தாள். குப்பை வேறொரு குப்பையானது, அவ்வளவுதான்.

“என்ன தாயி, இவள சீனாக்காரன்ட்டயா படிக்கப் போட்டேன்?” என்றார் மலையம்மாளின் அப்பா விருமாண்டி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். “பாஸ்னா காலேஜு, இல்லாட்டி ஆவணியில கல்யாணம். சொன்ன சொல்லு மாற மாட்டேன்.”

மலையம்மாள் சிரிக்கவில்லை. மீனா ஒன்பதாவதோடு நின்றவள். பாஸானால் படிக்கலாம் என்று இப்படி ஒரு சொல்கூட அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. கார்த்திகேஷுக்குப் போன் போட்டாள்.

“அது ஃபான்ட் இல்லம்மா. ரிசல்ட் தளத்துல கூட்டம்னு பக்கத்த சுருக்கி அனுப்புறாங்க. பிரவுசர் கேக்குற மாதிரியே நானும் புரோகிராம்ல ‘சுருக்கி அனுப்பினாலும் சரி’ன்னு ஒரு வரி போட்டுட்டேன். வந்தத விரிக்கிறதுக்கு எழுதல. அந்த வரிய எடுத்துரு, முழுசா வரும்.”

எடுத்தாள். புரோகிராம் மறுபடி தட்டத் தொடங்கியது. மலையம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இம்முறை பக்கம் கழுவிவிட்டது போல வந்தது. பெயர், பள்ளி, பாடங்கள். இயற்பியலிலும் கணக்கிலும் ஃபெயில்.

இந்த வரியை எடுக்காமலே விட்டிருக்கலாம் என்று மீனாவுக்குத் தோன்றியது. படிக்க முடியாதிருந்தவரை அந்தக் குப்பைக்குள் காலேஜும் இருந்தது.

“ஜூன்ல திருப்பி எழுதலாமேண்ணே” என்றாள் மீனா.

“எழுதி?” விருமாண்டிக்குக் கோபமே இல்லை. “இத ஒரு பிரிண்ட் போடு தாயி. பிள்ள மேல படிக்கப் போயிருமோன்னு மாப்ள வீட்ல யோசிச்சுக்கிட்டு இருக்காக. காமிச்சிருவோம்.”

பிரிண்டர் இரைந்தது. தாள் பாதி வெளியே வந்திருந்தபோது மலையம்மாள் எழுந்தாள். வாசலில் கிடந்த செருப்பைப் போட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் இறங்கி, அப்பாவின் ஆட்டோ நின்ற திசைக்கு எதிராக நடந்தாள்.